தோளில் மிச்சமிருந்த கை

நான் புனே விஷ்ராந்த்வாடியில் வசிக்கும் ஐம்பத்திரண்டு வயது 'இளைஞன்'. மனைவி கமலா காலமான பிறகு, ஆபீஸ் நண்பன் பேச்சைக் கேட்டு டேட்டிங் ஆப்பில் சேர்ந்தேன். தனியாக எடுத்த படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. மகள் கல்யாணப் படத்தில் கமலாவை வெட்டிவிட்டு என்னை மட்டும் போட்டேன். 'மனைவியை இழந்தவர்' என்ற கட்டத்தைத் தொடத்தான் விரல் போகவில்லை.

என் வயது மராட்டிப் பெண்மணி ஒருவர் சில வாரங்கள் அன்பாகப் பேசினார். ஒரு ஹோட்டலில் சந்தித்தோம். டீ வந்ததும் போனை நீட்டி, "இது யார் கை?" என்று இந்தியில் கேட்டார்.

பார்த்தால், என் தோளில் வளையல் போட்ட கை அப்படியே இருக்கிறது! ஊரையே சிரிக்கவைக்கும் என் வாய், "அக்கா!" என்று உளறியது.

"அக்கா விரல்லயும் உங்க மோதிரம் மாதிரியே ஒண்ணா?" என்றார் சிரிக்காமல். "வீட்டுக்குப் போங்க, பாய்சாப். அவங்க காத்திருப்பாங்க."

என்னை அண்ணனாக்கிவிட்டு எழுந்து போய்விட்டார். வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்று சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.

இப்போது அதே படத்தை வெட்டாமல் போட்டிருக்கிறேன். 'பக்கத்தில் நிற்பவர் என் மனைவி கமலா. இப்போது இல்லை' என்று கீழே எழுதியும் இருக்கிறேன். அதன் பிறகு யாரும் பேச வரவில்லை. வழுக்கையும் காரணமாக இருக்கலாம்.