உடையப்பன் ராஜாவைத் தாவவிட்ட ஆட்டம்

செம்பட்டி தேங்காய் மண்டியில் தராசு பிடிக்கும் உடையப்பனுக்கு ஒரே ஆசைதான்: எதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆட ஓர் ஆள். கூட ஆடிய மச்சினன் குருசாமி கொழும்புக்குப் போனபின், ஊரில் அந்த ஆட்டம் தெரிந்தவர் எவருமில்லை. பஸ் மாற நிற்கும் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"பி.ஏ. படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாதா அப்பு?"

எங்கள் ஊரின் முதல் பட்டதாரி நான். பாடத்தில் சதுரங்கம் இல்லையே!

1961இல் திண்டுக்கல்லில் ஒரு சதுரங்கச் சங்கம் போட்டி வைத்தது. ஓர் ஆட்டம் ஜெயித்தால் சங்கத்தில் இடம், ஞாயிறுதோறும் ஆடலாம். விசாரித்து அழைத்துப் போனது நான்தான். ஊர் ஆட்டத்தில் ஒரு கட்டமே நகரும் சிப்பாய், டவுனில் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம் என்று கேள்விப்பட்டு, அதைப் பழகி வந்திருந்தார்.

எதிரே ஓவர்சியர் சோலைமலை. உடையப்பன் நடுவை விட்டு, ராணிப் பக்கத்து மந்திரியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். சோலைமலையும் அதையே தள்ளினார். இவர் குதிரையை எடுக்க, அவரும் குதிரை. மறுபக்கம் இவர் ஒரு சிப்பாயை ஏற்ற, அவரும் ஏற்றினார்.

"என்ன சார், நான் வச்சதையே வக்கிறீக? சொந்தச் சரக்கு இல்லையா?"

"நீங்க போங்க. செத்த நேரம் பின்னாலயே வாரேன்."

உடையப்பன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ராணிக்கு முன்னிருந்த சிப்பாயையும் இருவரும் ஒரே மாதிரி நகர்த்தினார்கள். அடுத்து உடையப்பன் தன் ராஜாவைத் தூக்கி, குதிரைபோலத் தாவவிட்டார்.

நடுவர் ஓடிவந்தார். "என்னங்க இது?"

"ராஜாவுக்கு ஒரு தாவு உண்டுல்ல?"

"அது நாட்டு ஆட்டம். இங்க கிடையாது. தொட்ட காயைத்தான் நகர்த்தணும்."

ராஜாவுக்குப் போக ஒரே கட்டம், ராணியின் முன்னால், வெட்டவெளியில். அங்கே வைத்தார். அதன்பின் சோலைமலை இவரைப் பார்த்து ஆடவில்லை, சொந்தமாக ஆடினார். சீக்கிரமே முடிந்துவிட்டது. கைகொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

சங்கத்துக் காரியதரிசி நல்ல மனுசர். "வருத்தப்படாதீங்க. அடுத்த வருசம் வாங்க," என்றார்.

"வாரேன்யா. நடுவுல வர்ற ஞாயித்துக்கெழமைகளுக்கு என்ன செய்ய?"

அதற்குள் யாரோ கூப்பிட, காரியதரிசி திரும்பிவிட்டார். உடையப்பன் பதிலுக்குக் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.