குப்பியில் மிதந்த கவுனி அரிசி

எனக்குச் சந்தேகபுத்தி உண்டு. காய்க்காரர் தராசைத் தூக்கினாலே என் கண் முள்ளின் மேல்தான் இருக்கும். மகளுக்கு ஐந்து வயதில் அடுத்தடுத்து நான்கு முறை குளிர்காய்ச்சல் வந்தபோது, அந்தப் புத்தி வீட்டுக்குள்ளேயே திரும்பியது.

ஒவ்வொரு தடவையும் காரைக்குடி லேபில் சிறுநீரைச் சோதித்துவிட்டு, மலம் கலந்திருக்கிறது, பிள்ளையை ஒழுங்காகக் கழுவிவிட்டுச் சிறுநீரைப் பிடித்து வாருங்கள் என்றார்கள். எனக்குப் பள்ளிக்கூட வேலை. பிள்ளையைக் குளிப்பாட்டுவது, கழுவிவிடுவது எல்லாம் என் நாத்தனார்தான். வேறு யாரைச் சந்தேகப்படுவேன்?

"இனிமே நீங்க கழுவாதீக மதினி, நானே பாத்துக்கிறேன்" என்றேன். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த நாட்களில்தான் மகள், ஒண்ணுக்குப் போனால் புஸ்ஸென்று காற்றும் வருகிறது என்றாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட என்னவெல்லாம் கதை கட்டுகிறாள் பார் என்று அதட்டிவிட்டேன்.

ஒரு கல்யாண வீட்டில் கறுப்புக் கவுனி அரிசி இனிப்பை இரண்டு கிண்ணம் தின்றாள். மறுநாள் சோதனைக்கு நானே கழுவினேன், புதுக் குப்பியை நானே பிரித்துப் பிடித்தேன். மஞ்சள் நீரில் கறுப்புக் கறுப்பாக அரிசித் தோல் மிதந்தது. இதற்கு எந்தக் கையைக் குற்றம் சொல்ல?

டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சிறுநீரோடு காற்று வருமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"வருது. அம்மாகிட்ட சொன்னேன்" என்றாள் மகள்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகத்தில் கல் அடைத்துச் சீழ் பிடித்து, அதற்கும் பெருங்குடலுக்கும் நடுவே ஒரு வழி விழுந்திருந்தது. பிள்ளைகளுக்கு இப்படி வருவது அபூர்வமாம். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். டாக்டர் பேச்சை மாற்றினார். குடலைத் தைத்தார்கள். சிறுநீரகத்தை எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் எனக்குத் துணை இருந்தது மதினிதான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "பிள்ள பொழச்சிருச்சுல்ல, விடு" என்றார்.

மயக்கம் தெளிந்த மகள், இனிமேல் காற்று வராதா என்று என்னைக் கேட்டாள். வராதுடி தங்கம் என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மதினி பக்கம் திரும்பி, "வராதா அத்தை?" என்று கேட்டாள்.