சுவரை மறைத்து நின்றவர்

என் மனைவியின் அண்ணனுக்கு எங்கள் குடும்பத்தில் ‘கன்சீல்டு’ என்று பெயர். இன்டர்நெட் வயரைக் குழாய்க்குள் விட்டுச் சுவருக்குள்ளேயே ஓட்டுவதுதான் அவர் தொழில். வேலைக்கு உள்ள பெயரை நாங்கள் மனிதருக்கே வைத்துவிட்டோம். இருபது வருட அனுபவம். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரைத்தான் பார்ப்பார். ஒரு வயர் வெளியே தெரிந்தால் போதும், அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. சுவரை வெட்டி, குழாயைப் பதித்து, முனையில் பெட்டி வைத்ததும், கொத்தனார் பூசி மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். நாளைக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டுமே! அவரும் கொத்தனாரிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுவார். ஒருநாளும் தவறியதில்லை.

எங்கள் புது வீட்டுக்கும் அவர்தான் வயர் இழுத்தார். குடிவந்த ஐந்தாம் நாள் என் மகளுக்கு கம்ப்யூட்டர் வழியாக ஒரு நேர்காணல், காலை பதினொரு மணிக்கு. தனி அறை வேண்டும், வயர் இணைப்புதான் வேண்டும் என்று கம்பெனி கறாராகச் சொல்லியிருந்தது. இரண்டு வருடமாக அவள் அலைந்து பெற்ற வாய்ப்பு. எட்டு மணிக்கு மாடியறையில் மேசையைப் போட்டுவிட்டு வயர் செருகும் இடத்தைத் தேடினால், நாலு சுவரும் மொழுமொழுவென்று இருக்கின்றன. கொத்தனார் பெட்டியையும் சேர்த்துப் பூசிவிட்டார். பெயிண்டர் அதன்மேல் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டார். கீழே ஹாலில் சாக்கெட் மாட்டிய மச்சான், கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய இந்த ஒரே அறையை மறந்தே போயிருந்தார்.

போன் போட்டதும் ஓடிவந்தார். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எல்லா இடமும் ஒரே சத்தம்.

“இதுக்கா இவ்வளவு பதட்டம்? போட்டோ இருக்கு மாப்பிள்ளை!” என்று போனை நீட்டினார்.

போட்டோ இருந்தது. அதில் அவர் இருந்தார். இடுப்பில் ஒரு கை, சுவரில் ஒரு கை, முகமெல்லாம் பல். பெட்டி இருக்கவேண்டிய இடம் முழுக்க அவர்தான். அடுத்த போட்டோவிலும் அவரேதான், கூலிங்கிளாஸோடு. எங்கள் வீட்டில் எடுத்த நாற்பது போட்டோவிலும் வேலையை மறைத்துக்கொண்டு வேலைக்காரர் நிற்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கடையில நீளமா ஒரு வயர் வாங்கிட்டு வர்றேன். படி வழியா மேல இழுத்துக்கலாம்.”

“நான் வேலை செஞ்ச வீட்டுல படியில வயரா? அதுக்கு என்னைச் செருப்பால அடிங்க!”

செருப்பு வாசலில் இருந்ததால் சும்மா இருந்தேன். மணி ஒன்பதே முக்கால். மகள் கண் கலங்கிவிட்டாள்.

அதைப் பார்த்து என் மனைவி எழுந்தாள். “அண்ணே, போட்டோல நின்ன மாதிரியே போய் நில்லு.”

அவர் நின்றார். மகள் போட்டோவின் ஓரத்தில் தெரிந்த ஜன்னலையும் அறையின் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், மாமா. இடுப்புல கை. சிரிக்க வேண்டாம்.” பென்சிலால் தலை முதல் கால்வரை அவரைச் சுற்றிக் கோடு போட்டாள். பிறகு அவர் கையிலேயே உளியைக் கொடுத்தாள். தன் படத்தைத் தானே கொத்தினார் மனிதர். நெஞ்சில் ஒன்றுமில்லை. தோளில் ஒன்றுமில்லை. தொப்பையில் பெட்டி இருந்தது.

சாக்கெட் மாட்டி வயரைச் செருகியதும், பத்து ஐம்பதுக்குக் கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. சுவரைத் துடைக்க நேரமில்லை. மேசையை அந்தக் கோட்டுருவத்துக்கு எதிரே தள்ளிப்போட்டு மகள் உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

“ஒரு வேலையில தப்பு எங்க இருக்குன்னே தெரியலைன்னா, எங்கேருந்து தேட ஆரம்பிப்பீங்க?” என்று கம்ப்யூட்டரிலிருந்து கேட்டது ஒரு குரல்.

மகள் சொன்னாள்: “அந்த வேலைக்கு முன்னாடி யாரு சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்கன்னு பார்ப்பேன் சார். அவங்களைக் கொஞ்சம் நகரச் சொல்லுவேன்.”

உள்ளே நாலைந்து பேர் சிரித்தார்கள். என் மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. அவர் வாயடைத்துப் போவதைப் பார்க்க இருபது வருடமாகக் காத்திருந்தவன் நான். பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது.

மகளுக்கு வேலை கிடைத்தது. அடுத்த வாரம் வேறொரு வீட்டில் எடுத்த போட்டோவை அவளுக்கு அனுப்பியிருந்தார். குழாய், பெட்டி, வயர் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஓரத்தில் மட்டும், போக மனசில்லாமல், அவருடைய கட்டைவிரல்.