ஏமஸ் வரி கட்டியிருந்தார்

வெர்லீன் காட்ஸ்டன் முப்பத்தோரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினாள். ஜார்ஜியா கடற்கரையை ஒட்டிய அந்த வட்டாரத்தில் கறுப்பர், வெள்ளையர் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் அவள் பஸ்ஸில்தான் போனார்கள். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். வழியெல்லாம் வாய் ஓயாதவள், ஆற்றோரப் பைன் காடு வந்தால் மட்டும் பேசமாட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அறுபது ஏக்கர் ஒரு காலத்தில் அவள் அப்பா ஏமஸுக்குச் சொந்தமாக இருந்தது.

1957-இல் அவளுக்கு ஏழு வயது. வரி கட்டவில்லை என்று கோர்ட் வாசலில் நிலத்தை ஏலம் போட்டார்கள். வெள்ளைக்கார மர ஆலை முதலாளி ஸ்டோக்லி எடுத்தார். கட்டிய ரசீதை ஏமஸ் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கிய கோர்ட் குமாஸ்தா அதைத் திருப்பித் தரவே இல்லை. மறுவாரம் துப்பாக்கியோடு ஆட்கள் வந்து, சட்டிபானைகளை லாரியில் ஏற்றினார்கள். ஏமஸ் அதே ஆலையில் மரம் தூக்கினார். பொறுப்பில்லாமல் நிலத்தைத் தொலைத்தவன் என்று சொந்த சனமே பேசியது. அந்தப் பேச்சோடுதான் செத்தார்.

வெர்லீன் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, ஸ்டோக்லியின் பேத்தி கேரலின் வாசலில் வந்து நின்றாள். சிறுவயதில் இதே பஸ்ஸில் போனவள்தான். ஆலையை விற்ற பெருஞ்சொத்தும் அந்த அறுபது ஏக்கரும் இப்போது அவள் கையில்.

"மிஸ் வெர்லீன், தாத்தாவோட இரும்புப் பெட்டியில இது இருந்துச்சு" என்று ஒரு பழைய தாளை நீட்டினாள். ஏமஸ் காட்ஸ்டன் பெயரில் வரி ரசீது.

வெர்லீன் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து வந்த தம்பி லின்வுட்தான் வாங்கிப் படித்தான்.

கேரலின் ஒரு திட்டமும் கொண்டுவந்திருந்தாள். அந்த நிலத்தில் ஓர் அறக்கட்டளை, பிள்ளைகளுக்குப் படிப்பகம், தாத்தா பெயர், நிர்வாகக் குழுவில் வெர்லீனுக்கும் ஓர் இடம்.

"யாரு பேரு?" என்றாள் வெர்லீன்.

"தாத்தா... அவர் பேருக்கு ஒரு பரிகாரமா இருக்கும்னு..."

"எடுத்தவன் பேருல எனக்குத் திருப்பித் தர்றியா? இந்தா பாரும்மா, கமிட்டி உன்னோடயே இருக்கட்டும். நிலத்தை எங்க குடும்பத்துக்கு எழுதிக் குடு. அப்புறம், எங்கப்பா வரி கட்டினாருன்னு ஊர்க் கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லு."

கேரலின் முகம் சிவந்தது. யோசிக்கிறேன் என்று போய்விட்டாள்.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. "கைக்கு வந்ததை வாயால கெடுத்துட்டியே அக்கா" என்று லின்வுட் குத்திக்காட்டினான். "படிப்பகத்துல உக்காந்து பேப்பராவது படிச்சிருப்பேன்."

"நீ படிச்சுக் கிழிச்சே! போடா" என்றாளே தவிர, அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கேரலின் அந்த மூன்று வாரமும் தன் அண்ணன்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் ஊர் நிர்வாகக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தாள்.

"ஏமஸ் காட்ஸ்டன் வரி கட்டியிருந்தார். என் தாத்தாவுக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் எடுத்துக்கிட்டார்."

அவள் அண்ணன்களில் ஒருவர் எழுந்து வெளியே போனார். பின்வரிசையில் ஏமஸோடு ஆலையில் வேலைபார்த்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, "நானும் அவனைத் தப்பா பேசிட்டேனே" என்றார். வெர்லீன் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கேரலின் அதோடு நிற்கவில்லை. நிலத்தை ஏமஸின் வாரிசுகள் பதினொரு பேர் பெயரிலும் பதிந்து கொடுத்தாள். இதேபோல நிலம் இழந்த மற்ற ஐந்து குடும்பங்களும் வழக்கு நடத்த, அவர்களே தேர்ந்தெடுத்த வக்கீல்களுக்குத் தன் சொத்திலிருந்து செலவு செய்கிறாள். அந்த வழக்குகளில் தலையிடுவதில்லை.

பத்திரம் பதிந்த சனிக்கிழமை எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். லின்வுட் மீன் பொரித்தான். பெண்கள் தக்காளிச் சோறு பரிமாறினார்கள்.

"அக்கா, ஆறிப்போகுது, எந்திரி!" என்று லின்வுட் கூப்பிட்டான். மடக்கு நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்தபடி வெர்லீன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் தட்டை மூடி வைத்தான்.