லயத்துக்கு ஒரே புள்ளடி

பென்சில் சீவும் வாசனை... அது மூக்கில் ஏறினால் இன்றும் என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது.

உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் காம்பராக் கருப்பையாவை இந்தியாவுக்குக் கப்பலேற்றச் சொன்னவருக்கே நான் வாக்களித்தேன். அதுவும், அவன் தன்னுடையதாக நம்பி அனுப்பிவைத்த வாக்கை!

றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாய் நிற்கும் எங்கள் லயம். அவனுக்கும் எனக்கும் நடுவே ஒரே சுவர். அவன் இருமல்தான் எனக்குத் துணை. குடியுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று லயத்தார் வாக்கையெல்லாம் பறித்துக்கொண்டது. என் தகப்பன் இங்கே பிறந்ததற்குக் காகிதம் இருந்தது. அதனால் தோட்டப் பள்ளி வாத்தியாரான எனக்கு மட்டும் வாக்கு மிஞ்சியது.

"ஏன் வாத்தியாரே, பிரதம மந்திரிய யாரு போடுறது?" என்று கேட்டான் கருப்பையா.

"தொகுதிக்கு ஒரு மெம்பர். பார்லிமெந்துல எந்தப் பக்கம் மெம்பருங்க அதிகமோ, அந்தப் பக்கத்துத் தலைவர்தான்."

"அப்ப நாங்க உங்கள அனுப்புறோம், நீங்க அவரை அனுப்புங்க. லயத்து மெம்பரு நீங்கதான்!"

லயமே சிரித்தது.

தராசுச் சின்னத்தவர் தோட்டத்தாரைக் கப்பலேற்றுவேன் என்றார். குடைச் சின்னத்தவர் வாக்குரிமையைத் திருப்பித் தருவேன் என்றார்.

"கொழுந்து நிறுக்கிறப்ப தராசு நமக்கு என்னிக்கு நேரா நின்னுச்சு? குடைக்கே புள்ளடி போடுங்க, மெம்பரே!" தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எனக்கு மாட்டிவிட்டான் கருப்பையா.

வாக்குச்சாவடி வரிசையில் கடைவீதிக்காரர்கள். முன்னால் நின்றவர் சிங்களத்தில் கேட்டார்: "மாத்தயா தோட்டத்து ஆள் இல்லைதானே?"

மாத்தயா! ஐயா என்று யார் என்னை இதுவரை அழைத்திருக்கிறார்கள்?

"இல்லை" என்றேன். எவ்வளவு இலகுவாக வந்தது அந்தச் சொல்!

"தராசுதானே?"

தலையாட்டினேன்.

மறைப்புக்குள் நான் மட்டும். மிரட்ட ஒருவருமில்லை... கயிற்றில் புதிதாய்ச் சீவிய பென்சில். தராசுக்கு நேரே பெருக்கல் குறியாய்ப் புள்ளடி போட்டேன். ஏன்? அந்த வரிசையில் ஒருவனாக நிற்கும் ஆசையா? இரகசிய வாக்கு எளியவனைக் காக்க வந்ததாம். அது என்னைத்தான் காத்தது!

தராசு பெருவாரியாக வென்றது. என் புள்ளடி இல்லாவிட்டாலும் வென்றிருக்கும்... நீங்கள் சொல்லவருவது அதுதானே? எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆறவில்லை.

"தோத்தா என்ன, நாம போட்டோம்ல" என்றான் கருப்பையா, கோட்டை வாங்கி மடித்தபடி.

நாம!

சில ஆண்டுகளில் அவனை இந்தியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. சுவருக்கு அப்பால் இப்போது இருமல் இல்லை. சுவர் மட்டும் இருக்கிறது.

அன்று கப்பல் துறைக்குப் போகும் ரயிலில் அவனை வழியனுப்ப றொசல்ல ஸ்டேசனுக்குப் போனேன். அதே கோட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். சொல்லிவிட வாயைத் திறந்தேன்... ரயில் ஊதிவிட்டது. அவன் கையை வெளியே நீட்டிக் கத்தினான்:

"மெம்பரே, அடுத்த எலெக்சன்லயும் எனக்கும் சேத்துப் போட்டுருங்க!"