ஜனவரிச் சிவப்பு

மாடிவீட்டு டீச்சரின் ஃபிரிட்ஜில், முட்டைகளுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மாத்திரை டப்பா இருக்கும். தலைவலிக்கு மாத்திரை எடுக்கப் போய் ஒருநாள் அதைத் திறந்துவிட்டேன். உள்ளே நுனி தடித்த மஞ்சள் நூல்களாக ஐந்தாறு கிடந்தன. "மூடுளா, பறந்திரும். மகரந்தம்லா அது" என்றார் டீச்சர்.

நான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகமொன்றில் வேலை பார்க்கிறேன். அவர்களுடைய கீழ்வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். டீச்சரின் கணவரை அண்ணாச்சி என்பேன்; கப்பலில் இன்ஜினியர். கிறிஸ்துமஸுக்கு வருவார், ஜனவரி முடிவதற்குள் போய்விடுவார். மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மீதி மாதங்களில் என் தலைக்குமேல் டீச்சரின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

மொட்டைமாடி நிறைய டே லில்லித் தொட்டிகள். அந்தப் பூவுக்கு ஒரு பகல்தான் ஆயுசு. அவரிடமிருந்த அடர்சிவப்பு மார்ச் கடைசியில்தான் பூக்கும். அண்ணாச்சி அப்போது எந்தக் கடலிலோ இருப்பார். மஞ்சள் ஒன்று மட்டும் ஜனவரியிலேயே பூத்துவிடும். அதன் மகரந்தத்தைக் காயவைத்து, குளிரில் பத்திரப்படுத்தி, மார்ச்சில் சிவப்புப் பூவின் சூல்முனையில் தடவுவார். விதை முற்றி, முளைத்து, அந்தச் செடி பூக்க இரண்டு வருஷமாவது ஆகும். பூத்தால் செங்கல் நிறமாக இருக்கும். நிறம் சிவப்பாக வந்தால் ஜனவரி தப்பிப்போகும். போர்த்தண்ணீர் உப்பு என்று குடிதண்ணீரைத்தான் மாடிக்குச் சுமப்பார். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"அவுக ஒருதடவகூட என் செவப்பப் பாத்ததில்லளா" என்றார்.

அண்ணாச்சி வேலையை விட்டு ஒரேயடியாக வந்து சேர்ந்த வருஷம்தான் அது நடந்தது. ஜனவரியில், ரத்தச் சிவப்பில் ஒரு பூ. டீச்சர் முதலில் என்னைக் கூப்பிட்டார்; பிறகு அண்ணாச்சியை அழைத்து வந்தார். அவர் குனிந்து பார்த்தார்.

"நல்லாருக்கு. எந்த நர்சரில வாங்குன?"

"இங்கன மொளச்சதுதான்" என்றார் டீச்சர். அண்ணாச்சி தலையாட்டிவிட்டு டீ குடிக்க இறங்கிப் போனார். விவரமாகச் சொல்லுங்களேன் என்றேன். "சொல்லிக் காட்டுனா அதுல என்ன இருக்கு?" என்று அடுத்த தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். அதன்பின் மாடியில் இரண்டு பேருடைய காலடி கேட்டது. பேச்சுச் சத்தம்தான் இல்லை. கப்பல் அறையில் தனியே சாப்பிட்டுப் பழகியவர், வீட்டிலும் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியே போய் உட்கார்ந்துவிடுவாராம்.

மகளுக்குப் பிள்ளை பிறந்து, பார்த்துக்கொள்ளப் போன டீச்சர் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. சென்னை தனக்கு ஒத்துவராது என்று அண்ணாச்சி இங்கேயே இருந்துவிட்டார். டீச்சர் போனில் சொல்கிறபடி தொட்டிகளுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார்.

இந்த ஜனவரியில் ஒரு காலை அவர் என் வாசலில் வந்து நின்றார். மேலே கூட்டிப் போனார். பக்கத்துச் சிவப்புத் தொட்டிகளிலெல்லாம் வெறும் இலை. டீச்சரின் ஜனவரிச் சிவப்பு மட்டும் பூத்திருந்தது.

"மத்த செவப்பெல்லாம் மார்ச்லதான பூத்துச்சு. இது மட்டும் ஏம்மா இப்பமே?"

டீச்சர் பல வருஷம் மஞ்சளையும் சிவப்பையும் கலந்து முன்னால் கொண்டுவந்தது என்றேன்.

"எதுக்கு முன்னால கொண்டாரணும்?" என்று கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் தானே நிறுத்திக்கொண்டார். துறைமுகத்துக் கிரேன்களின் பக்கம் திரும்பினார்.

"நான் லீவுல வார மாசம்லா."

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோதும் தொட்டிக்கருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூ சுருளத் தொடங்கியிருந்தது. போட்டோவில் அந்தச் சிவப்பு வரவில்லை என்று செல்போனைக் காட்டினார். பிறகு மாடிச் சாவியை என் கையில் கொடுத்து, தண்ணீர் ஊற்றிவிடுவாயா என்று கேட்டார். அன்றைக்கே சென்னைக்கு ரயிலேறிவிட்டார்.

இன்னும் திரும்பவில்லை. மீதியிருந்த ஒரு மொட்டு சனிக்கிழமை விரிந்தது. அன்று எனக்கு லீவு. பக்கத்தில் உட்கார்ந்து, அது வாடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வந்து விளக்கைப் போட்டேன். தலைக்குமேல் ஒரு சத்தமும் இல்லை.