வெயிலில் திறந்த கேமரா

போன வாரம் எங்கள் அலுவலகத்துக்கு டிஜிட்டல் கேமரா ஒன்று வந்தது. எடுத்த மறுநொடியே படம் பின்பக்கத்தில் தெரிகிறது. எல்லோரும் சுற்றி நின்று வியந்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஏழு வயதில் நான் ஆசைப்பட்டதும் இதற்குத்தான். அதற்கு வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

அக்கா பினாங்கில், பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்போது நிபோங் திபாலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பெண்ணின் படம் வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்று இரண்டே நிபந்தனைகள். அம்மாவுக்குப் படத்தைப் பற்றித்தான் கவலை. ஸ்டூடியோவில் எடுத்தால் ஐ.சி. அடையாள அட்டைப் படம் மாதிரி முறைத்துக்கொண்டிருக்கும் என்று மாமா தன் முதலாளியின் கேமராவை இரவல் வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்பிளனேட் கடற்கரையில் நின்றோம். ஒரு ஃபிலிம் சுருளுக்கு முப்பத்தாறு படம். மாமா ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். நாங்களும் மூச்சைப் பிடித்தோம்.

"சிரி லா. போலீஸ் ஸ்டேசன்லயா நிக்க வெச்சிருக்கோம்?" என்றார் அக்காவிடம்.

எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. அந்தச் சின்னப் பெட்டிக்குள் அக்கா இருந்தாள், கடல் இருந்தது, ஒரு கப்பல்கூட இருந்தது! இரண்டு படம் பாக்கி இருக்கையில் மாமா கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு, அம்மாவோடு தண்ணீர் வாங்கப் போனார். பின்மூடியைத் தொடாதே, வெளிச்சம் பட்டால் அத்தனையும் போச்சு என்று எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நீ உள்ளே எப்படி இருக்கிறாய் என்று பார்க்கலாமா என அக்காவைக் கேட்டேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அம்மா போன திசையைப் பார்த்தாள்.

"கொஞ்சமா தொறந்தா ஒன்னும் ஆவாது தம்பி."

கொக்கியை அவளே நீக்கித் தந்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு நாடா. முகம் எதுவும் இல்லை. எனக்கு அழுகை முட்டியது. அக்கா அதை விரலால் மெல்ல வெளியே இழுத்தாள்.

"வெயில் பக்கமா திருப்பிப் பாரு. அப்பதான் தெரியும்."

அவசரமே படாமல், நான் போதும் என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவும் மாமாவும் வருவதற்குள் நாடாவை உள்ளே தள்ளி மூடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை படம் கழுவும் கடைக்காரர் ஒரு படம்கூட இல்லை என்று சுருளை நீட்டினார். மூடியைத் திறந்தது நான்தான் என்று ஒத்துக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கினேன். எனக்காக இரக்கப்பட்டவளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. மாமாவின் முதலாளி கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் அந்த மாதமே வேறு பெண்ணைப் பேசி முடித்தார்கள்.

அடுத்த ஞாயிறு அக்கா என்னைப் பினாங்கு ரோட்டுக்குக் கூட்டிப்போய் தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் வாங்கித் தந்தாள். என்னால்தானே உன் கல்யாணம் நின்றுபோனது என்று மன்னிப்புக் கேட்டேன். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. பாவம், அழுகிறாள் என்று நினைத்து, என் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.